அடுத்தவர் வாங்கியதை நீங்களும் வாங்கினால் எரிச்சல் அடங்காது

“வாங்கிட்டா சரியாயிடும்னு நினைச்சேன் மேடம்.”

ஆலோசனை அறையில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த வாரமும் ஒருவர் வந்து சொன்னார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவரோடு ஒன்றாக வேலையில் சேர்ந்த நண்பர் புதுக் கார் வாங்கினார். அன்று போன தூக்கம் இவருக்குத் திரும்பவில்லை. வீட்டில் பார்த்துவிட்டு, “அதுக்கென்ன, நீங்களும் ஒண்ணு வாங்கிடுங்க” என்றார்கள். வாங்கினார். நண்பருடையதைவிட ஒரு படி மேலான மாடலாகவே பார்த்து வாங்கினார். இப்போது சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகிறது. என்னிடம் பேசும்போது போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தன் காரைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அது நண்பருடைய கார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, இருக்கையின் ஓரத் தையல்வரை கொண்டுவந்து நிறுத்தி, “இது அசல் தோல் மேடம், என்னுதுல இல்ல” என்றார்.

கார் வாங்கியும் தூக்கம் வரவில்லை. இதைத்தான் நான் வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பது தெரிந்ததும் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்: வாங்கிவிடு. வீட்டார், நண்பர்கள், விற்பவர், கடன் கொடுப்பவர், எல்லாரும். பசிக்குச் சாப்பாடு போல இதற்குப் பொருள் என்று நம்புகிறார்கள். பசி, சாப்பிட்டால் அடங்கும். பொறாமை அடங்காது. ஏனென்றால் அதன் கண் பொருள்மேல் இருப்பதைவிட ஆள்மேல்தான் அதிகம் இருக்கிறது.

யார்மேல் வருகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கோ ஒரு பெரும்பணக்காரர் தனி விமானம் வாங்கினால் நம் வயிறு எரிவதில்லை. கூடப் படித்தவர், கூடப் பிறந்தவர், அடுத்த மேசைக்காரர் ஒரு படி ஏறினால்தான் எரிகிறது. மனிதர்கள் தங்களுக்கு நிகரானவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டு எடைபோட முனைகிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். மற்றவர்கள் 25,000 டாலர் சம்பாதிக்கும் உலகில் உங்களுக்கு 50,000. அல்லது மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்கும் உலகில் உங்களுக்கு 1,00,000. விலைவாசி இரண்டிலும் ஒன்றுதான். எது வேண்டும்? ஏறக்குறையப் பாதிப் பேர் 50,000 போதும் என்றார்கள். வருமானம் பாதியானாலும் சரி, அடுத்தவர் நமக்குக் கீழே இருக்க வேண்டும்.

இப்படி ஓடும் மனத்துக்கு எந்தப் பொருளை வாங்கிக் கொடுத்து நிறைவு தருவீர்கள்? புதுப்பொருள் சில மாதத்தில் பழகிவிடும். அதற்குள் அந்த நண்பர் வேறொன்று வாங்கியிருப்பார். அவர் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார். துரத்தலுக்கு முடிவே கிடையாது, கடன்தான் ஏறும். கனடாவில் லாட்டரிப் பரிசு விழுந்தவர்களின் அக்கம்பக்கத்தாரைப் பற்றி 2020-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பரிசுத் தொகை எவ்வளவு பெரிதோ, மிக அருகில் குடியிருந்தவர்கள் திவாலாவதும் அவ்வளவு கூடியிருந்தது. திவாலானவர்களின் சொத்துக் கணக்கில் வீடு, கார், மோட்டார் சைக்கிள் என வெளியே தெரிகிறவற்றின் மதிப்பு ஏறியிருந்தது. ரொக்கம், ஓய்வூதியச் சேமிப்பு என்று கண்ணில் படாதவை ஏறவில்லை. பரிசு விழுந்தது பக்கத்து வீட்டுக்கு, கடன் ஏறியது இவர்கள் வீட்டில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகை கட்டவோ மருந்து வாங்கவோ முடியாதவர் மற்றவர்களைப் பார்த்து ஏங்கினால், அதைப் பொறாமை என்று சொல்லி வாயடைக்காதீர்கள். அது தேவை. நான் பேசுவது, வேண்டியதெல்லாம் இருந்தும் நிம்மதி போனவர்களைப் பற்றி.

பொறாமை வருவதால் ஒருவர் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. யாருக்கும் வரும். வெட்கப்பட்டு மூடி மறைத்தால்தான் அது வேறு வடிவம் எடுக்கிறது. “அவன் லஞ்சம் வாங்கியிருப்பான்” என்று பேச ஆரம்பிக்கிறோம், அவருக்கு ஒரு நஷ்டம் என்றால் உள்ளூர இனிக்கிறது. அந்த இனிப்பு தட்டினால் உடனே கவனியுங்கள், முற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, என்ன செய்வது? அடுத்தவரிடம் பார்த்த சூட்டில் எந்தக் கடன் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: அவர் வாங்குவதற்கு முன் இது எனக்குத் தேவைப்பட்டதா? யாருமே பார்க்க முடியாது என்றாலும் இதை வாங்குவேனா? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாக வாங்குங்கள், அது உங்கள் ஆசை. இல்லையென்றால் ஒரு மாதம் போகட்டும். அதுவரை போனில் அவருடைய பதிவுகள் கண்ணில் படாதபடி மறைத்து வையுங்கள். உறவை முறிக்கச் சொல்லவில்லை, தினமும் புண்ணைக் கிளறாதீர்கள் என்கிறேன். முடிந்தால் அவரை நேரில் பார்த்து வாழ்த்திவிட்டு, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டிலும் தவணைக் கவலை இருக்கலாம். போனில் பார்த்த படத்தில் அது தெரியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: “அவரைப் பாருங்க, எப்படி வாங்கிட்டார்” என்ற பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகளிடமும்தான். பிறகு அவர்களை என்னிடம் அழைத்துவந்து, “எப்பப் பார்த்தாலும் அடுத்தவங்களையே பார்க்கிறான்” என்று நீங்களே வருத்தப்படுகிறீர்கள்.

“எல்லாருக்கும் எல்லாம் கிடைக்குது, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல” என்று ஒருவர் ஓயாமல் சொல்லி, கூடவே தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு எல்லாம் குறைந்து 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைப் பொறாமைக் கணக்கில் எழுதாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதற்குப் போய் மருத்துவரா என்று தயங்க வேண்டாம். நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம்.