பெரிய டர்போ மாட்டினால் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும். 40 டிகிரி அடிக்கும் வேலூரில் அந்தக் காற்றை அளந்தால் சுமார் 10,000 லிட்டர் வரும். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஓர் அறை நிறையக் காற்று. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு இது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பெட்ரோலை பம்ப் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே தள்ளிவிடலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் இன்ஜினுக்குப் பெரும்பாடு. ஆகவே ‘காருக்கு பவர் ஏத்தணும்’ என்று யார் கிளம்பினாலும், அவர் செய்ய வேண்டியது நொடிக்கு நொடி சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடையைக் கூட்டுவதுதான்.

இரண்டு லிட்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது, டர்போ இல்லாமல், நொடிக்கு அதிகபட்சம் 100 லிட்டர் காற்றை இழுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் யாராவது வெளியிலிருந்து அழுத்தித் தர வேண்டும். அந்த வேலைக்கான சக்தி சைலன்சர் வழியாக வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக வெளியேறுகிறது. டர்போ அந்தப் புகையின் பாதையில் ஒரு சக்கரத்தை வைக்கிறது, அது டர்பைன். அது மாட்டியிருக்கும் ஷாஃப்டின் (சுழலும் தண்டின்) மறுமுனையில் இன்னொரு சக்கரம், அது கம்ப்ரசர். புகை ஒன்றைச் சுற்ற, மற்றது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புகிறது.

இதன் வேகம் நம்பச் சிரமமானது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று என்பது கார் டர்போவுக்குச் சாதாரணம். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 470 மீட்டர் ஓடுகிறது. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 355 மீட்டர்தான்! ஒரு பக்கம் சிவக்கக் காய்ந்த டர்பைன், ஒரு சாண் தள்ளி இன்னொரு பக்கம் கையால் தொடக்கூடிய சூட்டில் காற்று உள்ளே நுழையும் வாய். நடுவில் விரல் தடிமன்கூட இல்லாத ஷாஃப்ட்.

ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், விமான இன்ஜின் ஒன்றில் டர்போவைப் பொருத்தி, 14,000 அடிக்கு மேல் இருக்கும் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். உயரத்தில் காற்று மெலிந்துபோகும் என்பதுதான் அவர் தீர்க்க வந்த சிக்கல். ஏலகிரி போகிறவர்கள் அதைச் சின்ன அளவில் உணரலாம். 1100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். டர்போ உள்ள கார் டர்போவின் சக்கரத்தைக் கூடுதலாகச் சுழற்றிச் சமாளித்துவிடும். பயணிகள் காருக்கு டர்போ வந்தது 1962-ல்தான், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலும் செவர்லே கார்வேரிலும்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு டர்போ அந்நியமான பொருள் இல்லை. சோளிங்கர் பக்கம் புலிவலத்தில் டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை டர்போசார்ஜர்களையே தயாரிக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் விசிலடித்துப் போகும் லாரிகள் எல்லாம் டர்போ டீசல்தான். கார் வைத்திருக்கும் இளைஞர்களைவிட ராணிப்பேட்டை லாரி ஷெட்டில் இருப்பவர்களுக்கு டர்போ பற்றி நிறையத் தெரியும் என்பது என் கணிப்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது வீட்டு போர்டிகோவில் டர்போ மாற்றும் ஆசைக்கு வருவோம். உதாரணத்துக்கு, 2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. இரண்டு லிட்டர் இன்ஜின், 230 குதிரைத்திறன். அதில் இருப்பது ஐஎச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ்20 டர்போ. இதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரில் ஐஎஸ்38 என்ற பெரிய டர்போ. இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தும் என்பதால் இந்த மாற்றம் உலகம் முழுக்கப் பிரபலம்.

பெரிய சக்கரம் அதிகக் காற்றைத் தள்ளும், சரி. ஆனால் அது சுழல ஆரம்பிக்க நேரம் எடுக்கும். ஒரே வடிவச் சக்கரத்தின் விட்டத்தைக் கூட்டினால், அதைச் சுழற்றக் காட்ட வேண்டிய முயற்சி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. பத்து சதவீதம் பெரிய சக்கரத்துக்கு அறுபது சதவீதம் கூடுதல் முயற்சி. ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு ஒரு கணம் ஒன்றுமே நடக்காமல் இருந்து, அப்புறம் முதுகில் தள்ளுவது போல வருகிறதே, அந்தத் தாமதத்துக்கு இதுதான் காரணம். வேலூர் கிரீன் சர்க்கிளிலிருந்து காட்பாடி போவதற்குள் பெரிய டர்போ விழிப்பதற்கே வாய்ப்பில்லை. ஊருக்குள் ஓட்டுகிறவருக்குப் பெரிய டர்போ நஷ்டம்தான்.

அடுத்தது சூடு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவது போல, எந்தக் காற்றை அழுத்தினாலும் அது சூடாகும். கத்திரி வெயிலில் 40 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், கம்ப்ரசர் 70 சதவீதத் திறனில் வேலை செய்தாலும், வெளியே வரும் காற்று 140 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரிந்துவிடும் என்பதால் அழுத்தம் இரண்டு மடங்கு, காற்றின் எடை ஒன்றரை மடங்குதான். மீதியை மீட்பது இன்டர்கூலர். அது காற்றை 60 டிகிரிக்கு இறக்கிவிட்டால் எடை கிட்டத்தட்ட 1.9 மடங்காகிறது. குளிர்நாட்டில் எடுத்த பவர் கணக்கை அப்படியே வேலூருக்கு எதிர்பார்ப்பவர்கள் மே மாதத்தில் ஏமாறுவது இதனால்தான். என்னைக் கேட்டால், நம் ஊரில் முதல் செலவு டர்போவுக்கு இல்லை, நல்ல இன்டர்கூலருக்கு.

சூட்டுக்கு இன்னொரு முகம் நாக்கிங். காற்றும் பெட்ரோலும் ஸ்பார்க் தொடங்கிவைத்த தீ வந்து சேரும் முன்பே தானாக வெடிப்பது அது. பிஸ்டனை ஓட்டையாக்கவும் அதால் முடியும். அதனால் காரின் கம்ப்யூட்டர் நாக்கிங் கேட்டவுடன் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், பவர் இறங்கும். இந்தியாவில் 2020 டிசம்பரிலிருந்து, நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது. அதை ஊற்றினால் எல்லை கொஞ்சம் தள்ளிப்போகும். இதோடு, கூடிய காற்றுக்கு ஏற்பக் கூடிய பெட்ரோல் வேண்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டும் புதிய டர்போவுக்கு ஏற்பத் திறந்து மூட வேண்டும். இதெல்லாம் ரீமேப்பில், அதாவது காரின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி எழுதுவதில், வரும் வேலை. ரீமேப் செய்யாமல் டர்போவை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தப்படி அப்படிச் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் விஷயம் வேறு.

இனி லாரி ஷெட் ஆட்களுக்குத் தெரிந்த அந்த விஷயம். டர்போ மாற்றுவதில் ஸ்பேனர் வேலை பாதிதான். ஜாக்கோடு நிறுத்தாமல் ஸ்டாண்டும் கொடுத்துத் தூக்க வேண்டும் (செங்கல் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தி அடியில் படுப்பது தற்கொலை). ஆயிரம் முறை சூடேறிக் குளிர்ந்த நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். கேஸ்கட், நட்டு எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பொறுமை இருந்தால் முடிகிற வேலை. மறுபாதி எண்ணெய். டர்போவின் ஆயுளைத் தீர்மானிப்பது அதற்குள் ஓடும் இன்ஜின் எண்ணெய்தான்.

பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. ஷாஃப்ட் ஒரு புஷ்ஷுக்குள் (உலோகக் குழல் வளையத்துக்குள்) மிதக்கிறது. புஷ்ஷும் வெளிக்கூட்டுக்குள் மிதந்தபடி தானும் மெதுவாகச் சுழல்கிறது. இடையில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். ஒன்றரை லட்சம் சுற்றில் அந்தப் படலம் சில நொடி அறுந்தாலும் உலோகத்தோடு உலோகம் உரசும். அந்தப் புஷ்ஷின் கதை அதோடு முடிந்தது. எண்ணெய் அங்கே இன்னொரு வேலையும் பார்க்கிறது: டர்பைன் பக்கத்துச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது.

எண்ணெய் உள்ளே வருவது சின்னக் குழாயில், பேன்ஜோ போல்ட் என்ற துளையுள்ள போல்ட் வழியாக. பழைய காரில் அந்தக் குழாய்க்குள் கருகிய எண்ணெய் கரியாகப் படிந்திருக்கும். புது டர்போவுக்குப் பழைய குழாயையே மாட்டினால், ஏற்கெனவே ஒரு டர்போவைக் கொன்ற குழாய் இன்னொன்றையும் கொல்லும். கசியக்கூடாது என்று சிலிக்கான் பசையைத் தாராளமாகத் தடவுவதும் அதே கதைதான். பிதுங்கிய பசைத் துணுக்கு ஒன்று போதும், துளை அடைபட்டுவிடும்.

வெளியே போகும் குழாய்தான் பலர் கவனிக்காதது. பேரிங்கில் அடிபட்ட எண்ணெய் நுரையாகி, அழுத்தம் எதுவும் இல்லாமல், புவியீர்ப்பால் மட்டும் இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு வடிகிறது. அதனால் அந்தக் குழாய் அகலமாகவும், மடிப்பில்லாமல் கீழ்நோக்கியே போவதாகவும் இருக்க வேண்டும். டர்போவில் ஷாஃப்டைச் சுற்றி ரப்பர் சீல் எதுவும் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய வளையம்தான். வடிகால் அடைத்தால் எண்ணெய் தேங்கி, வளையத்தைத் தாண்டி டர்பைன் பக்கம் கசியும், நீலப்புகை கிளம்பும். உடனே ‘டர்போ போச்சு’ என்று இன்னொன்று வாங்குவார்கள். போனது டர்போவாக இருக்காது, மடங்கிய ஹோஸாக இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு நேராகச் சாவியைத் திருப்பக்கூடாது. முதலில் டர்போவின் மேல் துளையில் சுத்தமான இன்ஜின் ஆயிலை ஊற்றி, கம்ப்ரசர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். கூலன்ட் நிரப்பி அதிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். தூசி போகாமல் குழாய் வாயில் திணித்த துணியை எடுத்தாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். அப்புறம் ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்தால் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். நின்றுபோன எண்ணெய் சூட்டில் கருகுவது உடனே அணைக்கும்போதுதான். சில நாள் ஓட்டிய பிறகு இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உட்புறம் லேசாக எண்ணெய் பூசினது போல இருந்தால் கவலையில்லை. குட்டையாகத் தேங்கியிருந்தால் முதலில் அந்த வடிகால் ஹோஸைப் பாருங்கள்.