ஓ-த-வீ: உயிர்நீரா, சாராயமா?

பிரெஞ்சில் ‘ஓ’ என்றால் தண்ணீர், ‘வீ’ என்றால் உயிர் அல்லது வாழ்வு. நடுவில் இருக்கும் ‘த’ இரண்டையும் ஒட்டவைக்கும் இடைச்சொல். மூன்றையும் ஒரே மூச்சில் ஓ-த-வீ என்று சொன்னால், நொதித்த பழச்சாற்றைக் காய்ச்சி வடித்தெடுத்த கடுமையான மது. கோன்யாக், அர்மான்யாக், கல்வதோஸ் என்று பேர்போன பிரெஞ்சு மதுக்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். தமிழில் எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் ‘பிராந்தி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம்.

இது பிரெஞ்சுக்காரர்கள் தாமாகக் கற்பித்த பெயர் அல்ல. லத்தீனில் ‘அக்வா வித்தே’ என்று மருத்துவர்களும் இரசவாதிகளும் சொல்லிவந்ததன் நேர் மொழிபெயர்ப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மோன்பெலியே நகரில் மருத்துவம் கற்பித்த அர்னோ த வில்நவ் என்பவரோடு இந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் நீர் நோய் தீர்க்கும், முதுமையைத் தள்ளிப்போடும் என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். உயிர் என்ற சொல் அந்த நம்பிக்கையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதே நீருக்கு ‘அக்வா ஆர்தென்ஸ்’, அதாவது எரியும் நீர் என்றும் ஒரு பெயர் உண்டு. தீயைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர்.

1310-இல் வித்தால் த்யூ ஃபூர் என்ற துறவி இந்த வடிநீருக்கு 40 நற்பலன்கள் உண்டென்று பட்டியலிட்டு எழுதினார். அர்மான்யாக் பகுதிக்காரர்கள் இன்றும் அந்த ஆண்டைத்தான் தங்கள் மதுவின் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அளவோடு குடித்தால் நினைவாற்றல் கூடும், மனம் மகிழும் என்ற வகைப் பலன்கள் அவை. மருந்துக்கடையில் துளிக்கணக்கில் விற்ற சரக்கு கோப்பைக்கு மாறியது பின்னால் நடந்தது.

‘அக்வா வித்தே’ பல ஊர்களுக்குப் போய்ப் பல உருவம் எடுத்தது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் அதைத் தங்கள் கேலிக் மொழியில் ‘உஷ்க பெஹா’ என்று பெயர்த்தார்கள். அதன் முதல் பாதிதான் தேய்ந்து விஸ்கி ஆனது. ஆக விஸ்கி என்ற சொல்லில் இன்று எஞ்சியிருப்பது தண்ணீர் மட்டும்தான், உயிர் போய்விட்டது! ஸ்காண்டிநேவிய நாடுகளில் லத்தீன் பெயரே ‘அக்வவித்’ என்று நிலைத்தது. பிராந்திக்குக் கதை வேறு. டச்சு மொழியில் ‘பிராண்டவைன்’ என்றால் எரித்த மது, காய்ச்சிய மது. பிரான்சின் மேற்குக் கரைக்குக் கப்பலில் வந்த டச்சு வணிகர்கள், ஷரான்த் ஆற்றுப் பக்கத்துப் புளிப்பு மதுவை அப்படியே ஏற்றிப்போனால் வழியில் கெட்டுவிடும் என்று காய்ச்சி எடுத்துப்போனார்கள். அந்த ஆற்றங்கரை ஊர்தான் கோன்யாக்.

இங்கே பிராந்தி என்ற சொல்லின் சிக்கலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பிராந்தி என்று விற்பதில் பெரும்பகுதி திராட்சையிலிருந்து வருவதல்ல. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸ் பாகிலிருந்து எடுத்த ஆல்கஹாலில் நிறமும் மணமும் சேர்த்தது. ஓ-த-வீயின் அடிப்படை விதியோ, எந்தப் பழத்தைக் காய்ச்சினோமோ அந்தப் பழத்தின் மணம் கடைசிவரை நிற்க வேண்டும் என்பது. கோன்யாக்கைப் பிராந்தி என்று எழுதினால் வாசகர் மனதில் வருவது வேறொரு பாட்டில்.

காய்ச்சும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கோன்யாக்குக்கு உக்னி பிளான் என்ற வெள்ளைத் திராட்சை. அதன் மது புளிப்பு தூக்கலாக, 9 விழுக்காடு அளவு ஆல்கஹாலோடு இருக்கும். உணவோடு வைத்துக் குடிக்க லாயக்கில்லை, காய்ச்சுவதற்கு அருமை. அன்னக் கழுத்து வைத்த செப்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். முதல் முறையில் 30 விழுக்காடு அளவில் கலங்கலாக ஒரு நீர் வரும். அதை மறுபடி காய்ச்சும்போது முதலில் சொட்டுவதைத் ‘தலை’ என்றும், நடுவில் வருவதை ‘நெஞ்சு’ என்றும், கடைசியில் வருவதை ‘வால்’ என்றும் பிரிப்பார்கள். நெஞ்சுதான் கோன்யாக் ஆகும். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31-க்குள் காய்ச்சி முடித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

பிறகு ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டுகள். கொப்பரையிலிருந்து வரும்போது பச்சைத் தண்ணீர் போல நிறமற்றிருப்பது, மரத்திலிருந்து பொன்னிறத்தையும் மணத்தையும் வாங்கிக்கொள்கிறது. பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு காற்றில் போய்விடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தேவதூதர்களின் பங்கு’. அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு கரும்பூஞ்சை கோன்யாக் ஊரின் சுவர்களிலும் கூரைகளிலும் படிந்திருக்கிறது. எங்கே சரக்கை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கூரையைப் பார்த்தாலே போதும். வரி அதிகாரிகளுக்கு அது வசதியாக இருந்திருக்கும். லேபிளில் இருக்கும் வி.எஸ்., வி.எஸ்.ஓ.பி., எக்ஸ்.ஓ. எல்லாம் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். பிரெஞ்சு மதுவுக்கு ஏன் ஆங்கில முத்திரை என்றால், வாங்கியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். கலவையில் இருப்பதிலேயே இளையதன் வயதுதான் கணக்கு: வி.எஸ்.-க்கு 2 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி.-க்கு 4, எக்ஸ்.ஓ.-வுக்கு 2018 முதல் 10.

அர்மான்யாக் தெற்கே கஸ்கோன்ய மண்ணின் சரக்கு. இதைப் பெரும்பாலும் ஒரே ஓட்டமாக ஒருமுறைதான் காய்ச்சுவார்கள். குறைவாகச் சுத்தப்படுவதால் மணமும் முரட்டுத்தனமும் கூடுதலாகத் தங்கும். கோன்யாக் பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அர்மான்யாக்கில் இன்றும் சிறு குடியானவர்கள் நிறைய. எல்லோரிடமும் கொப்பரை இருக்காது. அதனால் குளிர்காலத்தில் சக்கரம் பூட்டிய கொப்பரை பண்ணை பண்ணையாக வரும். அது வந்து நிற்கிற இடத்தில் இரவு பகலாக அடுப்பெரியும், அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், சாப்பாடு நடக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு அர்மான்யாக்குக்குத்தான்.

வடக்கே நோர்மாந்தியில் திராட்சை அவ்வளவாக விளையாது, ஆப்பிள்தான். அங்கே ஆப்பிள் மதுவைக் காய்ச்சினால் கல்வதோஸ். ஜில் த கூபெர்வில் என்ற நிலக்கிழார் 1553-இல் தன் நாட்குறிப்பில் ஆப்பிள் மதுவைக் காய்ச்சுவது பற்றி எழுதிவைத்திருக்கிறார். அந்த வட்டாரத்தின் தோம்ஃப்ரோன் பக்கத்தில் பேரிக்காயும் சேரும். கிழக்கே அல்சாஸ், லொரேன் பகுதிகளில் செர்ரி, மிராபெல் என்ற மஞ்சள் பிளம், பேரி, ராஸ்ப்பெர்ரி என்று அகப்பட்ட பழத்தையெல்லாம் காய்ச்சுகிறார்கள். இவற்றை மரப்பீப்பாயில் ஊற விடுவதில்லை. நிறமில்லாமல் இருப்பதே இலட்சணம். சில பாட்டில்களுக்குள் முழுப் பேரிக்காய் கிடக்கும். காய் பிஞ்சாக இருக்கும்போதே பாட்டிலை மரக்கிளையில் கட்டி, உள்ளேயே பழுக்கவைப்பது. திராட்சையைப் பிழிந்தபின் மிஞ்சும் தோல், விதைச் சக்கையைக் காய்ச்சினால் ‘மார்’. எழுத்தில் கடைசியில் ஒரு ‘க்’ இருக்கும், உச்சரிப்பதில்லை.

இவ்வளவு பெயர்கள் இருந்தாலும் கிராமத்தில் யாரும் ஓ-த-வீ என்று நீட்டி முழக்குவதில்லை. ‘ஞோல்’ என்பார்கள், அல்லது ‘கூத்’ என்பார்கள். கூத் என்றால் துளி. நம்ம ஊர்க் கூத்துக்கும் அதற்கும் உறவில்லை. அரபியில் வியர்வையைக் குறிக்கும் ‘அரக்’ என்ற சொல்தான் வடித்த மதுவுக்கும் பெயராகி, ஆங்கிலத்தில் அராக் ஆனது. கொப்பரை மூக்கிலிருந்து வியர்வை போலச் சொட்டுவதைப் பார்த்து வைத்தது. துளி, வியர்வை இரண்டுமே அடுப்படியில் நின்று பார்த்தவன் வைத்த பெயர்கள். உயிர்நீர் ஏட்டில் எழுதியவர் வைத்தது.

சொந்தத் தோட்டத்துப் பழத்தைக் காய்ச்சும் உரிமை உள்ள குடியானவருக்குப் பிரெஞ்சில் ‘புயோர் த க்ரூ’ என்று பெயர். புயோர் என்றால் காய்ச்சுகிறவர். 10 லிட்டர் தூய ஆல்கஹால் அளவுக்கு வரி கிடையாது என்ற சலுகை அவர்களுக்கு இருந்தது. அப்பா வழியாக மகனுக்கும் போகும். 1960-இல் அந்த வாரிசுரிமையை அரசு நிறுத்தியது. ஏற்கெனவே வைத்திருந்தவர் சாகும்வரை அனுபவிக்கலாம், அதோடு சரி. வீட்டுச் சாராயம் குடியை வளர்க்கிறது என்பது அரசின் கவலை. கிராமத்தார் அதை இன்றும் மன்னித்ததாகத் தெரியவில்லை.

குடிக்கும் விதம் என்று வந்தால், ஓ-த-வீக்கு உரிய நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு. ‘திஜெஸ்திஃப்’, அதாவது செரிமானத்துக்கு என்று சொல்லித்தான் ஊற்றுவார்கள். உண்மையில் ஆல்கஹால் செரிமானத்துக்கு உதவுவதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையைவிட்டு எழ மனமில்லாதவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டுமே. காபிக்குப் பிறகு வருவதால் ‘பூஸ்-கஃபே’, காபியைத் தள்ளிவிடுவது என்றும் பெயர். காபி குடித்து முடித்த கோப்பை சூடு ஆறுவதற்குள் அதிலேயே கொஞ்சம் ஊற்றி அலசிக் குடிப்பது ‘ரேன்செத்’, அலசல். சர்க்கரைக் கட்டியின் ஒரு முனையைக் கோப்பையில் நனைத்து வாயில் போட்டுக்கொள்வது ‘கனார்’, வாத்து. நனைந்த சர்க்கரை வாத்து மாதிரி தண்ணீரில் முங்கி எழுகிறதாம்.

நோர்மாந்தியில் விருந்து நீளமானது. நடுவில், இரண்டு பெரிய பதார்த்தங்களுக்கு இடையே, ஒரு சின்னக் கோப்பைக் கல்வதோஸை ஒரே மடக்கில் விழுங்குவார்கள். ‘நோர்மாந்தி ஓட்டை’ என்று பெயர். வயிற்றில் ஓட்டை போட்டு அடுத்த பதார்த்தத்துக்கு இடம் செய்கிறதாம். இப்போது உணவகங்களில் ஆப்பிள் ஐஸ் மேல் கல்வதோஸ் ஊற்றித் தருவதோடு அந்த வழக்கம் மெலிந்துபோயிருக்கிறது.

பழைய கோன்யாக்கை, அர்மான்யாக்கை ஐஸ் போடாமல், வாய் குறுகிய துலிப் வடிவக் கோப்பையில் இரண்டு விரற்கடை ஊற்றி, உள்ளங்கைச் சூட்டில் வைத்து மோந்து மோந்து குடிப்பது முறை. சினிமாவில் வரும் பெரிய பலூன் கோப்பையை உள்ளூர்க்காரர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. மணம் சிதறி, ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும் என்பார்கள். அதற்காகத் தண்ணீர் கலப்பதே பாவம் என்றும் இல்லை. கோன்யாக்கில் தண்ணீர் கலந்து நெடிய கோப்பையில் குடிப்பது பிரான்சில் ஒரு காலத்தில் சாதாரண வழக்கம். இன்று கோன்யாக் ஊரிலேயே டானிக் தண்ணீர் கலந்து சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கிறார்கள்.

தண்ணீர் ஊற்றினால் பால்போல வெளுக்கும் பஸ்தீஸையும் அப்சாந்தையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அவற்றின் மணம் பழத்திலிருந்து வருவதல்ல. சோம்பு முதலிய மூலிகைகளிலிருந்து வருவது. அப்சாந்தை 1915-இல் பிரான்சு தடைசெய்தது. அந்த இடத்தைப் பஸ்தீஸ் பிடித்தது. அது தனிக் கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உயிர்நீர்’ என்று நேராகப் பெயர்க்கலாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மது என்றே யாருக்கும் தோன்றாது. ‘ஜீவத்தண்ணீர்’ என்றால் இன்னும் மோசம், தமிழ் விவிலியத்தில் அது இயேசு தருவதாகச் சொன்ன நீர். சங்கப் பாட்டில் ‘தேறல்’ உண்டு. யவனர் கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் புறநானூறு பேசுகிறது. ஆனால் தேறல் என்பது தெளிந்த மது, காய்ச்சி வடித்ததல்ல. ஒயினுக்கு வேண்டுமானால் அந்தச் சொல்லைக் கொடுக்கலாம். சித்த மருத்துவத்தின் ‘தீநீர்’ உண்மையிலேயே நெருங்கி வருகிறது. வாலை என்ற வடிகலத்தில் இட்டு வடித்தெடுக்கும் மருந்துநீருக்கு அந்தப் பெயர். ஓமத் தீநீரை நாம் ஓமவாட்டர் என்போம். தீயும் நீரும் சேர்ந்த சொல், எரியும் நீர் என்ற பழைய லத்தீன் பெயருக்கு அக்கா தங்கை. ஆனாலும் குழந்தைக்குக் கொடுக்கும் ஓமத் தீநீரும் 40 விழுக்காட்டுக் கோன்யாக்கும் ஒரே பெயரில் இருப்பது வம்பு.

என் கணக்கில் சரியான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: சாராயம். ஊறல் போட்டு, காய்ச்சி, வடிப்பது சாராயம். புயோரும் காய்ச்சுகிறவர், நம்மவரும் காய்ச்சுகிறவர். பேச்சில் வினைச்சொல்கூட ஒன்றே. கள்ளச்சாராயத்தின் நிழல் விழுந்ததால் தமிழ்நாட்டில் சொல்லுக்குக் கெட்ட பேர். இலங்கையில் தென்னஞ்சாராயம் சட்டப்படி விற்கிறது, சொல்லில் ஒரு கூச்சமும் இல்லை. ஆகவே ஓ-த-வீ என்ற பொதுப்பெயருக்குப் ‘பழச்சாராயம்’ என்று எழுதலாம். கல்வதோஸ் வகையை ‘ஆப்பிள் சாராயம்’ என்றும், மாரை ‘சக்கைச் சாராயம்’ என்றும் விளக்கலாம். கோன்யாக், அர்மான்யாக், கல்வதோஸ் மூன்றும் இடத்தைக் கொண்டு சட்டம் காக்கும் பெயர்கள். அந்த எல்லைக்கு வெளியே காய்ச்சியதற்கு அப்பெயர்கள் கிடையாது. அவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொள்வதுதான் முறை. முதல் முறை வரும்போது மட்டும் ‘திராட்சைச் சாராயமான கோன்யாக்’ என்று ஒரு அடைமொழி போட்டால் போதும்.