ஒரு கீய தட்டுனா க்யூஎம்கேக்குள்ள எந்தெந்த ஃபோல்டர் வழியா போவுது?

வியாசர்பாடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. "அண்ணா, சொந்தமா கீபோர்டு சால்டர் பண்ணி முடிச்சிட்டேன், க்யூஎம்கே கோட இறக்குனா ஃபோல்டரா கொட்டுது, எங்கருந்து ஆரம்பிக்கறது? தமிழ்99-அயும் உள்ளயே ஏத்திடலாமா?"

க்யூஎம்கேன்னா கீபோர்டுக்குள்ள இருக்கற சிப்புல ஓடற புரோகிராம், தமிழ்99-னா தமிழ் டைப் பண்றதுக்கான ஒரு கீ அமைப்பு. ஃபோல்டர் வரிசையா படிக்காத தம்பி, தூக்கம்தான் வரும். ஒரு கீய அமுக்கு, அந்த சிக்னல் போற வழியில பின்னாடியே போ, அவ்ளோதான்.

மொதல்ல கீபோர்ட்ஸ் ஃபோல்டர். உலகத்துல எவனெவனோ செஞ்ச போர்டெல்லாம் ஆயிரக்கணக்குல உள்ள கெடக்குது, பாத்து பயப்படாத, உனக்கு வேணும்கறது ஒண்ணே ஒண்ணு. அதுல கீபோர்டு டாட் ஜேசன்னு ஒரு ஃபைல், சிப்போட எந்த பின்னு ரோ (படுக்க வரிசை), எந்த பின்னு காலம் (நெடுக்க வரிசை), கரண்ட ஒரே பக்கமா விடற டயோடு எந்த பக்கம் பாத்து நிக்குதுன்னு சொல்லும். அதுக்குள்ளயே கீமேப்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுல கீமேப் டாட் சி. எந்த கீக்கு எந்த எழுத்து, எத்தன லேயர் (ஒரே கீக்கு வேற வேற வேல குடுக்கற அடுக்கு), எல்லாம் அங்கதான். உன் ஏரியா அதான்.

அடுத்தது குவாண்டம் ஃபோல்டர். 5 ரோ, 14 காலம் வச்சா 19 பின்னுலயே 70 கீ வரைக்கும் ஓட்டலாம், அதுக்குதான் ரோவும் காலமும் குறுக்க நெடுக்க போற மேட்ரிக்ஸ். மேட்ரிக்ஸ் டாட் சி ஒவ்வொரு ரோவா லோ (வோல்டேஜ் கொறஞ்ச நெல) ஆக்கிட்டு காலத்த படிக்கும், அமுக்குன கீ இருந்தா அந்த காலமும் லோ ஆகும். டயோடு இல்லன்னா செவ்வகத்தோட மூணு மூலைய அமுக்குனா அமுக்காத நாலாவதும் சேந்து வரும். இதெல்லாம் ஸ்கூல் சர்க்யூட்தான், விடு.

எனக்கு புடிச்சது இதுக்கப்புறம் வர டீபௌன்ஸ், அதாவது ஸ்விட்சோட ஆட்டத்த வடிகட்டறது. ஸ்விட்சுக்குள்ள ரெண்டு மெட்டல் துண்டு முட்டும்போது ஒரே தடவையில ஒட்டிக்காது, சில்வர் டம்ளர கீழ போட்டா டங் டங்னு குதிச்சு அடங்கற மாதிரி சில மில்லிசெகண்டு ஒட்டி விலகி ஒட்டி அப்புறம்தான் நிக்கும். நம்ம கண்ணுக்கு தெரியாது, ஆனா செகண்டுக்கு ஆயிரக்கணக்குல சுத்தி சுத்தி படிக்கற சிப்புக்கு தெரியும், அது பாட்டுக்கு நாலு தடவ அமுக்குனான்னு எழுதிடும். குவாண்டத்துக்குள்ள டீபௌன்ஸ்னு ஃபோல்டர தொற, ஃபைல் பேருலயே மொத்த ஐடியாவும் இருக்குது. நீயா எதையும் மாத்தலன்னா ஓடறது சிம்_டிஃபர்_ஜி. சிம்னா அமுக்கறதுக்கும் விடறதுக்கும் ஒரே ரூல், டிஃபர்னா அடங்கற வரைக்கும் காத்திரு, ஜின்னா மொத்த போர்டுக்கும் ஒரே டைமர். உள்ள ரா (படிச்சது அப்படியே), குக்டு (ஆட்டம் அடங்கி உறுதியானது)ன்னு ரெண்டு டேபிள். எங்க ஆடுனாலும் டைமர் முதல்லருந்து ஓடும், 5 மில்லிசெகண்டு எதுவும் அசையாம இருந்தாதான் ராவுல இருக்கறது குக்டுக்கு காப்பி ஆகும். கோடு ஒரு ஸ்கிரீனுக்குள்ள அடங்கிடும்! ஆனா இதுல ஒரு கீ ஆடிட்டிருந்தா பக்கத்து கீயும் சேந்து காத்திருக்கணும், அத தவிர்க்க கீ ஒவ்வொண்ணுக்கும் தனி டைமர் குடுத்தா அது பிகே (பெர் கீ), அதுக்கு ராம் மெமரி செலவாவும், அட்மெகா32யூ4 சிப்புல மொத்தமே 2.5 கேபிதான். ஈகர்னு வந்தா மொத தொடுதலயே உடனே அனுப்பிட்டு அப்புறம் 5 மில்லிசெகண்டு கண்ண மூடிக்கும், வேகம்தான், ஆனா வயர்ல சும்மா ஒரு நாய்ஸ் அடிச்சாலும் கீ அமுக்குனதா நம்பிடும். அசிம்_ஈகர்_டிஃபர்_பிகேன்னா அமுக்கும்போது அவசரம், விடும்போது நிதானம். இதுல எது வேணும்னு ரூல்ஸ் டாட் எம்கேன்ற செட்டிங் ஃபைல்ல ஒரு வரி மாத்துனா போதும்.

ஆயுத பூஜைக்கு கீபோர்டு மேல குங்குமம் கொட்டுவாங்கல்ல, அது ஸ்விட்சுக்குள்ள எறங்கிச்சுன்னா கான்டாக்ட் சரியா ஒட்டாது, 5 மில்லிசெகண்டுலாம் பத்தாது. சாமிய கும்புடு, பொட்ட கீழ இருக்கற பிளாஸ்டிக்ல வை. அப்புறம் இன்னொண்ணு, காலேஜ் லேப்ல இன்னும் ரெக்கார்டு நோட்ட பாத்து காப்பியடிக்க வைக்கறாங்க, அந்த நேரத்துல இந்த டீபௌன்ஸ் ஃபைல் ஒண்ண படிக்க குடுத்தா பசங்க எம்பெடட் (சிப்புக்கு கோடு எழுதறது) கத்துக்குவாங்க, செலவும் இல்ல, யாரு வேணா படிச்சு மாத்தலாம்கற ஜிபிஎல் லைசென்ஸ்.

சரி, குக்டுல மாத்தம் வந்ததும் அது எந்த லேயர்ல எந்த கீகோடு (கீக்கு குடுத்த நம்பர்)னு பாக்கும். அந்த கீகோடு கம்ப்யூட்டருக்கு கெளம்பறதுக்கு முன்னாடி ப்ராசஸ்_ரெக்கார்டு_யூசர்னு ஒரு ஃபங்ஷன கூப்புடும், அது வீக்னு (வேற யாராவது எழுதுனா விட்டுக்குடுக்கும்னு) குறிச்சு வச்ச சும்மா ஃபங்ஷன். உன் கீமேப் டாட் சில அதே பேருல நீ எழுதுனா கோட எல்லாம் ஒண்ணா சேக்கற லிங்கர் உன்னுத எடுத்துக்கும், அதுல நீ ஃபால்ஸ்னு திருப்பி குடுத்தா அந்த கீ அங்கயே நின்னுடும். அடுத்தவன் ஃபைல்ல கை வைக்காம மொத்த போர்டோட குணத்தயே மாத்தலாம், அப்டேட் வந்தாலும் உன் கோடு அப்படியே கெடக்கும்.

கடைசியா டிஎம்கே_கோர். ஹாசுன்ற பேர்ல எழுதற ஜுன் வாகோவோட டிஎம்கே (TMK, கட்சி இல்ல, இதே மாதிரி கீபோர்டு புரோகிராம்)ல இருந்து பொறந்ததுதான் க்யூஎம்கே, அதான் அந்த பேரு இன்னும் இருக்குது. அங்கருந்து யூஎஸ்பில போறது சாதாரணமா 8 பைட்: ஷிஃப்ட் கன்ட்ரோலுக்கு ஒண்ணு, ஒண்ணு காலி, மிச்சம் 6 கீக்கு. ஏ கீயோட நம்பர் 4.

தமிழ்99-க்கும் பதில் இதுலயே இருக்குது. போறது கீயோட நம்பர்தான், எழுத்து இல்ல. 4 வந்தா 'a' போடறதா 'அ' போடறதான்னு முடிவு பண்றது ஓஎஸ். யூனிகோட் வசதி க்யூஎம்கேலயும் இருக்குது, ஆனா அது லினக்ஸுக்கு ஒரு விதமா, விண்டோஸுக்கு வேற விதமா கீய தட்டிக்காட்டி எழுத்து வரவைக்கும், மெஷின் மாறுனா மோடையும் மாத்தணும். ஓஎஸ்லயே தமிழ்99 போட்டுக்கோ தம்பி, கீமேப்ல கட்டைவிரலுக்கு பக்கத்துல ஒரு கீய விண்டோஸ் பிளஸ் ஸ்பேஸ்னு வச்சிக்கோ, ஒரு தட்டுல மொழி மாறிடும்.