லாங் ரைஃபிள் கையால செய்றவங்க, மூச்சு விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க

நான் அமெரிக்கால பென்சில்வேனியால தொழில் பாதுகாப்பு வேலைல இருக்கேன், பட்டறைக் காத்துல என்ன கலந்திருக்கு, அது உள்ள போனா என்ன பண்ணும்னு பாக்குறதுதான் பொழப்பு. இங்க லான்காஸ்டர் பக்கம் 1700கள்ல ஜெர்மன் பேசுற ஊர்கள்ல இருந்து வந்து குடியேறின துப்பாக்கி ஆசாரிங்க, அவங்க ஊரு குட்டையான யேகர்ங்கிற வேட்டை ரைஃபிளை நீட்டி நீட்டி, குழாய் மட்டுமே 42 இன்ச்சுக்கு மேல போற லாங் ரைஃபிளா மாத்தினாங்க. அதே மாதிரி கரண்டே இல்லாம உலை, அரம், உளி மட்டும் வெச்சு இன்னைக்கும் செய்றவங்க இருக்காங்க, வர்ஜீனியால காலனியல் வில்லியம்ஸ்பர்க்னு பழைய கால ஊர் மாதிரியே இருக்கிற மியூசியத்துக்குப் போனா நேர்லயே பாக்கலாம். இரும்புப் பட்டைய வளைச்சு வெள்ளையா பழுக்கக் காய்ச்சி தட்டித் தட்டியே குழாயா ஒட்ட வெக்கிறாங்க, அப்புறம் மர பெஞ்ச்ல நீளக் கம்பிய இழுத்து இழுத்து உள்ள சுருள் பள்ளம் வெட்டுறாங்க, ஒரு இழுப்புக்கு முடி மாதிரி ஒரு சீவல்தான் வரும். அந்தப் பொறுமைக்கு எத்தன கும்பிடு போட்டாலும் தகும்.

ஆனா இவங்கள்ல பல பேரு "மெஷின் இல்ல, ஃபேக்டரி கெமிக்கல் இல்ல, எல்லாம் பழைய முறை, ஒண்ணும் ஆகாது"ன்னு நம்புறாங்க, அதுதான் எனக்கு பயமே.

துப்பாக்கியோட மரக்கட்டைக்கு கலர் ஏத்துறத எடுத்துக்கோங்க. கோடு கோடா ஓடுற மேப்பிள் மரத்துல ஆக்வா ஃபோர்ட்டிஸ் பூசுவாங்க, அதாவது நைட்ரிக் ஆசிட்ல இரும்பைக் கரைச்ச தண்ணி. பூசிட்டு காய்ச்சின இரும்பை மரத்துல படாம கிட்ட கொண்டு போனா, சட்டுன்னு செம்பழுப்பா மாறி கோடெல்லாம் எழும்பி வரும், பாக்க அவ்ளோ அழகு. அந்த இரும்பு ஆசிட்ல கரையும்போது வர்ற பழுப்பு புகை நைட்ரஜன் டை ஆக்ஸைடு. அது உடனே பெருசா எதுவும் காட்டாம கூட போகலாம், லேசா இருமல், கண் எரிச்சல், அவ்வளவுதான், ஆளு வீட்டுக்குப் போயி சாப்பிட்டு படுத்துருவாரு, பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல தண்ணி கோத்து மூச்சே விட முடியாம போகும். N95 மாஸ்க் தூசியத்தான் பிடிக்கும், இந்த கேஸுக்கு பிரயோஜனமே இல்ல. இரும்பைக் கரைக்கிறது, சூடு காட்டுறது ரெண்டையும் திறந்த வெளில, காத்து உங்க முதுகுல அடிக்கிற மாதிரி நின்னு செய்யுங்க. முடிஞ்சா கரைசலை ரெடியாவே வாங்கிருங்க, அதுல கைத்திறமை ஒண்ணும் குறைஞ்சிடாது. புகை பட்டிருந்து ராத்திரி மூச்சு வாங்குச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, எமர்ஜென்சிக்குப் போயி "நைட்ரிக் ஆசிட் புகை"ன்னு தெளிவா சொல்லுங்க, சொல்லலேன்னா டாக்டர் ஆஸ்துமான்னு நினைச்சுடலாம்.

பித்தளை உருக்கி ட்ரிக்கர் கார்டு, அதாவது விசையைச் சுத்தி இருக்கிற வளையம், வார்க்கும்போது துத்தநாகம் வெள்ளைப் புகையா கிளம்பும், சாயங்காலமே குளிர் ஜுரம், ஃப்ளூன்னு நினைப்பாங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும், அதனாலயே யாரும் கண்டுக்கிறதில்ல. குளிருக்கு கதவெல்லாம் சாத்திட்டு உலை ஊதுறது அதவிட மோசம், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, தலைவலியும் குமட்டலும் வந்தா சுத்தியல கீழ போட்டுட்டு வெளிய வாங்க, அலாரம் ஒண்ணு மாட்டிருங்க. மரம் இழைக்கிற தூசிய உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானதுல, வெச்சிருக்கு, அங்க N95 நிஜமாவே உதவும்.

காரீயம் வேற கதை, அது செய்றவரோட நிக்காது. 327 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், அடுப்படிலயே குண்டு வார்க்கிறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம். தூசி சட்டையோட வீட்டுக்குள்ள வரும், தவழுற குழந்தை தரைல கை வெச்சு வாய்ல வெக்கும். பட்டறைச் சட்டை, ஷூவை அங்கயே விடுங்க, சட்டையத் தனியா துவைங்க, சோப்பு போட்டு கை கழுவாம எதையும் சாப்பிடாதீங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா ரத்தத்துல காரீய டெஸ்ட் எடுத்துப் பாருங்க, டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் தொட்டாலே இங்க டாக்டர்ங்க காரீயம் எங்கருந்து வருதுன்னு தேட ஆரம்பிப்பாங்க, அப்ப பட்டறையப் பத்தி நீங்களே முதல்ல சொல்லிருங்க.