மருத்துவர் பலர், பணம் கொடுப்பவர் ஒருவர்

டாமி டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது அவருடைய காலில் எலும்பு அழற்சி கண்டது. கனடாவின் வின்னிபெக் நகரில் வாழ்ந்த அவரது குடும்பத்துக்குச் சிறப்பு மருத்துவரை நாடும் வசதி இல்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றிருந்த நிலையில், அறுவை மருத்துவர் ஒருவர், தம் மாணவர்கள் உடனிருந்து கற்க இசைந்தால் இலவசமாகச் சிகிச்சை அளிப்பதாகக் கூறினார். கால் தப்பியது. பிழைப்பது இப்படி அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு வளர்ந்த அவர், 1944இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாண முதல்வரானார்.

அங்கு உருவான மருத்துவக் காப்பீட்டு முறையை ஆங்கிலத்தில் 'சிங்கிள் பேயர்' (பணம் கொடுப்பவர் ஒருவரே) என்பர். மருத்துவமனைகள் யாவும் அரசுடைமையாவது என்று இதைப் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். கனடாவில் பெரும்பாலான மருத்துவர்கள் இன்றும் சொந்தமாகத் தொழில் செய்பவர்களே. நோயாளி தமது சுகாதார அட்டையைக் காட்டுகிறார். மருத்துவர் பார்த்து அனுப்பிவிட்டு, மாகாணத் திட்டத்துக்குக் கட்டணச் சீட்டை அனுப்புகிறார். பணம் கொடுக்கும் கை ஒன்றுதான் என்பதே இதன் சாரம்.

அந்த ஒரு கையால் விளைவது பெரிது. காப்பீட்டு நிறுவனங்கள் பலவாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கட்டண விகிதம், தனி முன்அனுமதி என்று ஆகி, அவற்றோடு மல்லுக்கட்டவே மருத்துவமனை ஆட்களை அமர்த்த வேண்டியிருக்கிறது. ஒரே திட்டத்தில் அந்தச் செலவு குறைகிறது. மாகாணம் முழுவதற்கும் சேர்த்துப் பேரம் பேசுவதால் கட்டணமும் கட்டுக்குள் நிற்கிறது. உடல்நலத்தோடு இருப்பவரும் நோயாளியும் ஒரே தொகுப்பில் இருப்பதால், நோயாளியைக் கழித்துக்கட்டுவதில் யாருக்கும் ஆதாயமில்லை.

இருந்தும், 1962 ஜூலை 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது சஸ்காட்செவன் மருத்துவர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நோயாளிக்கும் தமக்கும் இடையில் அரசு வந்து உட்கார்ந்துவிடும் என்பது அவர்களின் அச்சம். அதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அப்போதைய முதல்வர் உட்ரோ லாயிட் பிரிட்டனிலிருந்தும் மருத்துவர்களை வரவழைத்தார். 23ஆம் தேதி சஸ்காட்டூனில் உடன்பாடு கையெழுத்தானது: ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டணம் பெறும் பழைய வழக்கமும், திட்டத்துக்கு வெளியே நின்று தொழில் செய்யும் உரிமையும் மருத்துவர்களுக்கு நிலைத்தன. 1964 தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. வென்ற லிபரல் கட்சியோ திட்டத்தைக் கலைக்கவில்லை. 1966இல் இத்தகைய திட்டத்தை நாடெங்கும் கொண்டுவரக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1972க்குள் எல்லா மாகாணங்களும் இணைந்தன.

குறைகளும் உண்டு. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று போன்ற அவசரமற்ற அறுவைகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. அதை ஆதரவாளர்கள் மூடிமறைக்கக் கூடாது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2011இல் இதே பாதையில் சட்டமியற்றியது. ஆனால் முதலாளிகளின் சம்பளப் பட்டியலில் 11.5 விழுக்காடும், தனிநபர் வருமானத்தில் 9.5 விழுக்காடு வரையும் புதிய வரி தேவைப்படும் என்று கணக்கு வந்ததும், ஆளுநர் பீட்டர் ஷம்லின் 2014 டிசம்பரில் அதைக் கைவிட்டார். அங்கே தொழிலாளிக்காக முதலாளி கட்டும் காப்பீட்டுத் தொகையும் உண்மையில் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து போவதுதான். ஆனால் அது கைக்கு வராமலே கழிந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை, வரியோ ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் தெரிகிறது.