திரித்துப்பாக்கியின் பின்முனைத் திருகு

1543ஆம் ஆண்டு ஜப்பானின் தெற்குப் பகுதியிலுள்ள தனேகாஷிமா தீவில் ஒரு சீனக் கப்பல் கரை ஒதுங்கியது. அதில் வந்த போர்ச்சுகீசியரிடம் இரண்டு திரித்துப்பாக்கிகளை விலைக்கு வாங்கிய தீவின் இளந்தலைவர் தொகிதகா, அவற்றைப் போலவே செய்து தரும் பொறுப்பை யைதா கின்பே என்ற வாள் கொல்லரிடம் ஒப்படைத்தார். எஃகை மடித்து மடித்து அடித்துப் பழகிய கைகளுக்கு இரும்புத் தகட்டைச் சுருட்டிக் குழலாக்குவது எட்டாத வேலையல்ல. அவரைத் தடுத்து நிறுத்தியது குழலின் பின்முனையை மூடும் வேலைதான்.

துப்பாக்கி வெடிக்கும் முறை எளியது. வெடியுப்பில் ஊறி உலர்ந்த கயிறே திரி. உப்பு ஆக்சிஜனைத் தந்துகொண்டே இருப்பதால் அது சுடர்விடாமல் சீராகக் கனலும். விசையை இழுத்ததும், திரியைப் பிடித்திருக்கும் வளைந்த கவ்வி குழலின் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் இறங்கி, அங்குள்ள வெடிமருந்துத் தூளைப் பற்றவைக்கும். அந்தத் தீ ஒரு நுண்துளை வழியே குழலுக்குள் பாயும். அக்கால ஐரோப்பியத் துப்பாக்கிகள் பலவற்றில் நெம்புகோலை அழுத்த அழுத்தக் கவ்வி மெல்லத் தாழ்ந்தது. ஜப்பானிய வகையிலோ பித்தளை வில் (ஸ்பிரிங்) அதைச் சட்டென்று தள்ளிவிடும். வில் மிகவும் விறைப்பாக இருந்தால் மோதும் வேகத்தில் கனலே அணைந்துவிடும் என்பதால், கொல்லர் அதை அளவறிந்து பொருத்த வேண்டியிருந்தது.

குழலுக்குள் பிறக்கும் வாயு குண்டை அழுத்துவது போலவே பின்முனையையும் அழுத்துகிறது; சுடுபவரின் முகம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. அப்படியானால் பின்முனையைக் காய்ச்சி ஒட்டி நிரந்தரமாக அடைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் கருமருந்து எனும் அக்கால வெடிமருந்தின் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே எஞ்சுவதால், குழலைத் திறந்து துடைத்தாக வேண்டும். வலுவாக அடைக்கவும் வேண்டும், கழற்றவும் வேண்டும் என்ற இரண்டையும் தருவது திருகு. அழுத்தம் முழுவதையும் அதைச் சுருளாகச் சுற்றிச் செல்லும் வரிகளான மரைகள் பகிர்ந்து தாங்குகின்றன. அன்றைய ஜப்பானியக் கொல்லர்களுக்குத் திருகு புதிய பொருள். மறு ஆண்டு வந்த கப்பலிலிருந்த ஒரு கொல்லரிடம் கின்பே அதைக் கற்றதாக 1606இல் எழுதப்பட்ட தீவின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது.

வெளிமரையை அரத்தால் அராவி எடுத்துவிடலாம். குழலின் உட்சுவரில் மரை உண்டாக்குவதே உண்மையான கம்மியத் திறன் என்பேன். சிவக்கக் காய்ச்சிய குழலுக்குள் திருகைச் செருகி, வெளியிலிருந்து சுத்தியலால் அடித்து, அதன் வடிவத்தை உட்சுவரில் பதியவைத்தனர். சகாய், குனிதொமோ ஆகிய ஊர்களின் பட்டறைகள் துப்பாக்கிகளைப் பெருமளவில் செய்து குவித்தபோதும், இவ்வாறு உருவான மரை தன்னை உருவாக்கிய திருகுக்கே கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு துப்பாக்கியின் திருகைக் கழற்றி இன்னொன்றில் முடுக்குவது பெரும்பாலும் இயலாது.