செலக்டிவ் மியூட்டிசம்: தமிழில் என்ன சொல்வது?

வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை, பள்ளியில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லவும் நா எழாமல் விறைத்து நிற்கிறது. இந்நிலை குறைந்தது ஒரு மாதமாவது நீடித்துப் படிப்புக்கோ பிறரோடு பழகுவதற்கோ இடையூறாகுமானால், உளமருத்துவம் அதனைச் செலக்டிவ் மியூட்டிசம் என்கிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத் தயக்கமும், மொழி தெரியாததால் பேசாதிருப்பதும் இதில் அடங்கா.

மியூட்டிசம் என்பது, பேச்சற்ற என்று பொருள்படும் ‘மூட்டுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1877-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மௌல் இந்நிலைக்கு ‘அஃபேசியா வாலண்டாரியா’, அதாவது விரும்பி மேற்கொண்ட பேச்சிழப்பு, என்று பெயரிட்டார். 1934-இல் சுவிட்சர்லாந்தின் மோரிட்ஸ் டிராமர் வழங்கிய ‘எலெக்டிவ் மியூட்டிசம்’ என்ற பெயரிலும், தானே தேர்ந்துகொண்டது என்னும் கருத்துத் தொடர்ந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1994-இல் ‘எலெக்டிவ்’ என்ற அடைமொழியைச் ‘செலக்டிவ்’ என மாற்றி, 2013-இல் இதனைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது.

குஸ்மௌலின் பெயரையே கேட்டறியாத நம் வீடுகளிலும் அவருடைய கருத்துத்தான் வழங்குகிறது. கல்யாண வீட்டில் பெயரைக் கேட்டும் பதில் வராதபோது ‘வாயில் என்ன கொழுக்கட்டையா?’ என்பதும், வாய் திறக்காத பிள்ளையை ‘அழுத்தக்காரி’, ‘கல்லுளிமங்கன்’ என்பதும், அச்சத்தைப் பிடிவாதமாகக் கொள்வதன் விளைவே. எல்லோர் முன்னும் வற்புறுத்தப்படும் குழந்தைக்கு அச்சம் மேலும் இறுகும்.

‘தேர்ந்தெடுத்த மௌனம்’ என்னும் மொழிபெயர்ப்பு இருவகையில் பிழைபடுகிறது: முதற்சொல் பழியை மீண்டும் குழந்தைமேல் ஏற்றுகிறது, மௌனமோ விரதத்தை நினைவூட்டும் சொல். குறுந்தொகையின் 58-ஆம் பாடலில், பாறையில் உருகும் வெண்ணெயைக் கண்ணால் மட்டுமே காக்க முடிந்த ‘கையில் ஊமன்’, அதாவது கையில்லாத ஊமை, வருகிறான். அவனது இயலாமை இக்குழந்தையின் நிலைக்கு நெருக்கமானதே. ஆயினும் ஊமை என்ற சொல் இன்று வசையாகிவிட்டது. இக்குழந்தைக்கோ பேசும் ஆற்றல் குறைவின்றி உண்டு.

பாடநூலுக்குச் ‘சூழல்சார் பேச்சின்மை’ போதும். ‘பயத்தில் வாயடைத்துப் போயிற்று’ என்னும் வழக்கில் எவரும் பிடிவாதத்தைக் காண்பதில்லையாதலால், ‘சூழல்சார் பேச்சடைப்பு’ அதனினும் பொருந்தும் என்பேன். பேச்சுவழக்கில் ‘பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பேச்சு அடைத்துக்கொள்கிறது’ என்றாலே ஆசிரியருக்கு விளங்கும். வருகைப் பதிவுக்கு இப்போதைக்குக் கையை உயர்த்தினால் போதும் என அவரும் இசைவார்.